பெற்றோருக்கும் ஓர் இருக்கை

(சங்கத்தின் இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

'பள்ளி உளவியலில் கூட்டுக் கலந்தாய்வு' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். பெயர் சற்றுக் கடினமாக ஒலித்தாலும் பொருள் எளிமையானது. ஒரு குழந்தை பள்ளியில் இடறும்போது, அதன் ஆசிரியரும் பெற்றோரும் உளவியல் அறிந்த ஒருவரும் சமமாக அமர்ந்து, தத்தமக்குத் தெரிந்ததை ஒன்றுசேர்த்து, செய்யவேண்டியதை முடிவு செய்து, அதன் விளைவுக்கும் கூட்டாகப் பொறுப்பேற்பதே கூட்டுக் கலந்தாய்வு. இதில் 'சமமாக அமர்ந்து' என்னும் சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அவற்றுள் அடங்கும்.

இரண்டு வாக்கியங்கள்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கென்று புறப்பட்டு, ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பும் பழக்கம் அவனுக்கு ஏற்பட்டது. ஆசிரியர் என் தந்தையை அழைத்துவரச் சொன்னார். தந்தை அன்றைய கூலியை விட்டுவிட்டுச் சென்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பறை வாயிற்படிக்கு வெளியே நின்றார். நானும் அருகில் நின்றேன்.

"உன் பையனுக்குப் படிப்பு ஏறாது. கணக்கு சுத்தமா வரலே" என்றார் ஆசிரியர்.

"அடிச்சுத் திருத்துங்க சாமி" என்றார் தந்தை.

இரண்டு வாக்கியங்கள். அவ்வளவில் பேச்சு முடிந்தது.

என் தந்தைக்கு ஒன்று தெரியும். அறுவடைக் காலத்தில் இருபது ஆட்களின் நெற்கூலியை மரக்கால், படி என்று பிரித்து என் தம்பி வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவான். ஆசிரியருக்கு அது தெரியாது. ஆசிரியருக்கு ஒன்று தெரியும். வகுப்பறையைப் பெருக்கும் வேலை நாள்தோறும் அவனுக்கே தரப்பட்டது. தந்தைக்கு அது தெரியாது. என் தம்பிக்கு இரண்டும் தெரியும். ஆனால் அவனை எவரும் கேட்கவில்லை. அந்த ஆண்டோடு அவன் படிப்பு நின்றது. செங்கல் சூளைக்குப் போனான்.

பெருக்கச் சொன்னது தீண்டாமையே என்பதில் எனக்கு ஐயமில்லை. பின்னாளில் நானும் ஆசிரியனாகிக் கல்வி உளவியல் கற்றபோது மற்றொன்றும் விளங்கிற்று. ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போதுமான செய்திகள் அன்று அந்த வாயிற்படியின் இருபுறமும் இருந்தன. அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவற்றைச் சந்திக்கச் செய்யும் முறை ஒன்று உலகில் உண்டு என்பதைப் பிறகே அறிந்தேன்.

குழந்தையை அளந்த காலம்

பள்ளி உளவியலின் வரலாறு ஓர் ஆசிரியையின் கேள்வியில் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைட்னர் விட்மர் என்னும் உளவியலாரிடம் மார்கரெட் மகுவயர் என்னும் ஆசிரியை பதினான்கு வயது மாணவன் ஒருவனை அழைத்துவந்தார். பிற பாடங்களில் குறையில்லாத அவனுக்கு எழுத்துக்கூட்டல் மட்டும் வரவில்லை. விட்மர் ஆராய்ந்தபோது அவன் கண்பார்வையில் குறை இருப்பது தெரியவந்தது. கண்ணாடியும் தக்க பயிற்சியும் தரப்பட்டன. "இவன் மந்தன்" என்று தீர்ப்பளிக்காமல், "ஏன் இப்படி?" என்று ஓர் ஆசிரியை கேட்டதனால் ஒரு துறையே பிறந்தது.

ஆனால் அத்துறை நெடுங்காலம் அந்தக் கேள்வியின் வழியில் நடக்கவில்லை. 1905இல் பிரான்சில் ஆல்பிரெட் பினே என்பாரும் சிமோன் என்பாரும் நுண்ணறிவுச் சோதனையை வகுத்தனர். உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அவர்களின் நோக்கம். அறிவு என்பது மாறாத அளவு எனக் கருதுவதைப் பினே மறுத்தார். அச்சோதனை அமெரிக்காவுக்குச் சென்றபின் குழந்தைகளை வகைபிரித்து ஒதுக்கும் கருவியாயிற்று. உளவியலார் குழந்தையைத் தனியறைக்கு அழைப்பார், சோதிப்பார், எண் ஒன்றை எழுதுவார், குழந்தை வேறு வகுப்புக்கு அனுப்பப்படும். ஆசிரியர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பெற்றோரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

இதன் விளைவு யாருக்கு வந்தது என்பதை நாம் ஊகிக்கலாம். கலிபோர்னியா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் மொத்த மாணவரில் ஏறத்தாழ 10 விழுக்காடு. மனவளர்ச்சி குன்றியோர்க்கென அமைந்த வகுப்புகளிலோ அவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு. சான்பிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பெற்றோர் 1971இல் வழக்குத் தொடுத்தனர். 'லாரி பி. வழக்கு' என்று அது பெயர் பெற்றது. கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்துவது செல்லாது என்று நீதிபதி ராபர்ட் பெக்காம் 1979இல் தீர்ப்பளித்தார். அதற்கு முன்பே, 1975இல், உடல், மனக் குறையுடைய குழந்தைகளின் கல்விக்கென அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், ஒரே சோதனையைக் கொண்டு எந்தக் குழந்தையையும் வகைப்படுத்தலாகாது என்றும், அக்குழந்தையின் கல்வித் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோரும் பங்கேற்க வேண்டும் என்றும் விதித்தது. பெற்றோருக்கு அங்கே இருக்கை கிடைத்தது இவ்வாறு போராடியே.

எருசலேமில் கற்ற பாடம்

கலந்தாய்வு முறைக்கு அடித்தளமிட்டவர் ஜெரால்டு கேப்ளன் என்னும் மனநல மருத்துவர். 1949ஆம் ஆண்டளவில் இஸ்ரேல் நாட்டில், புதிதாகக் குடியேறி வந்த 16,000 சிறுவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட விடுதி இல்லங்களில் வளர்ந்துகொண்டிருந்தனர். அவர்களின் மனநலத்தைக் கவனிக்க எருசலேமில் இருந்ததோ ஒரு சிறிய குழு. ஒவ்வொரு சிறுவனையும் வரவழைத்துச் சோதிப்பது நடவாத செயல். ஆகவே கேப்ளனின் குழுவினர் தாமே அந்த இல்லங்களுக்குச் சென்றனர். சிறுவர்களை நாள்தோறும் பேணுகின்ற ஆசிரியர்களோடும் காப்பாளர்களோடும் அமர்ந்து பேசலாயினர்.

அப்போது ஒன்று புலப்பட்டது. காப்பாளர் ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்ன குறை பலவேளை அச்சிறுவனைவிட, காப்பாளர் அவனைப் பார்த்த பார்வையையே காட்டிற்று. அமைதியாகப் பேசிப் பேசி, அவனைப் பல கோணங்களிலிருந்து பார்க்கத் தொடங்கியபோது காப்பாளருக்கே வழி தோன்றிற்று. இவ்வனுபவத்தை வளர்த்தெடுத்து, பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேப்ளன், 1970இல் மனநலக் கலந்தாய்வு பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார்.

அவர் வகுத்த நெறிகளுள் மூன்றைச் சொல்வேன். முதலாவது, கலந்தாய்வுக்கு வரும் அறிஞர் ஆசிரியருக்கு மேலதிகாரி அல்லர். இருவரும் தத்தம் தொழிலில் தேர்ந்த சமநிலையினர். இரண்டாவது, அறிஞர் கூறும் கருத்தை ஏற்கவும் மறுக்கவும் ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு. மூன்றாவது, நோக்கம் இந்த ஒரு குழந்தையோடு முடிவதில்லை. அடுத்து வரும் குழந்தையையும் அந்த ஆசிரியர் நன்றாக நடத்தும் ஆற்றல் பெறவேண்டும்.

'நீ மட்டும் விதிவிலக்கு'

கேப்ளன் கூறிய மற்றொரு கருத்து நம் சமுதாயத்திற்கு மிகவும் இன்றியமையாதது. ஆசிரியர் மனத்தின் அடியில் சிலவேளை இருபகுதிகளையுடைய ஓர் எண்ணம் உறைந்திருக்கும். 'இன்ன வகையான குழந்தை' என்பது முதற்பகுதி. 'அதன் முடிவு கட்டாயம் இன்னதுதான்' என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியில் ஒரு குழந்தையைப் பொருத்திவிட்டால், இரண்டாம் பகுதி தானே வந்துவிடும். அதன்பின் ஆசிரியர் முயலமாட்டார். முயன்றாலும் பயனில்லை என்னும் நினைவோடேயே முயல்வார்.

நம் ஊர்களில் அந்த எண்ணம் எந்தச் சொற்களில் வெளிப்படும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 'காலனிப் பிள்ளை, எங்கே படிக்கப் போகிறது?' கேப்ளன் எருசலேமில் கண்டதும் நாம் நம் தெருவில் கண்டதும் அமைப்பால் ஒன்றே.

இதை மாற்றுவது எப்படி? இங்கே கேப்ளன் ஓர் எச்சரிக்கை தருகிறார். 'இந்தக் குழந்தை அந்த வகையைச் சேர்ந்ததன்று' என்று வாதிட்டு, அக்குழந்தையை மட்டும் விடுவிப்பது பெரும்பிழை என்கிறார் அவர். அந்தக் குழந்தை தப்பிவிடும். எண்ணம் அப்படியே நிற்கும். நாளை வேறொரு குழந்தை அதில் சிக்கும். வகை அதுவேயாக இருக்கட்டும், முடிவு அதுவாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை ஆசிரியரே உணரும்படி செய்வதுதான் சரியான வழி.

இளைஞர்களே, நம்மில் படித்து முன்னேறிய ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய பாராட்டு ஒன்றுண்டு: "நீ உங்க ஆளுங்க மாதிரி இல்லை." நானும் கேட்டிருக்கிறேன். இளமையில் அதற்கு மகிழ்ந்தும் இருக்கிறேன். நான் விடுவிக்கப்பட்டேன், என் தம்பி உள்ளேயே விடப்பட்டான் என்பதே அதன் பொருள் என்று பின்னர்தான் விளங்கிற்று. ஆகவே ஆசிரியரிடம் பேசச் செல்லும்போது 'எங்கள் பிள்ளை மற்றவர்களைப் போலன்று' என்று வாதிடாதீர்கள். 'எங்கள் பிள்ளைகளுள் இதுவும் ஒன்று. இது கற்கும்' என்று சொல்லுங்கள்.

நியூஹேவன் நகரத்துப் பள்ளிகள்

இம்முறையை ஒடுக்கப்பட்ட மக்களின் பள்ளிக்குள் முழுமையாகக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் கோமர் என்னும் கறுப்பின மருத்துவ அறிஞர். அவர் தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. தாய் பிறர் இல்லங்களில் வேலை செய்தவர். இரண்டாண்டுகூடப் பள்ளிக்குச் சென்றவரல்லர். அந்தத் தாயின் ஐந்து மக்களும் சேர்ந்து பெற்ற பட்டங்கள் 13. கோமரோடு ஒரே தெருவில் வளர்ந்து ஒன்றாகப் பள்ளியில் சேர்ந்த மூன்று நண்பர்களின் வாழ்வோ சிதைந்தது. ஒருவர் குடியால் இளமையிலேயே மாண்டார். ஒருவர் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். ஒருவர் மனநல மருத்துவமனைகளுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அவர்களும் தன்னைப்போலவே அறிவுடையவர்கள்தாமே, வேறுபாடு எங்கே நேர்ந்தது என்று கோமர் எண்ணினார். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பாலம் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு என்பது அவர் கண்ட விடை.

1968இல் ஏல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்திலிருந்து அவரும் அவர் குழுவினரும் நியூஹேவன் நகரின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் பணியைத் தொடங்கினர். மாணவர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பின ஏழைக் குழந்தைகள். நகரத்தின் 33 தொடக்கப் பள்ளிகளுள் கல்வித் தேர்ச்சியில் கடைசி இரண்டு இடங்கள் அவற்றுக்கே. முதலாண்டு குழப்பத்திலேயே கழிந்தது, பெற்றோர் சினந்தெழுந்தனர். பின்னர் மெல்ல மெல்ல ஓர் அமைப்பு உருவாயிற்று. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், பிற பணியாளர் ஆகியோரின் சார்பாளர்கள் கொண்ட குழு பள்ளியை நடத்தும் திட்டங்களை வகுத்தது. உளவியலாரும் சமூகப்பணியாளரும் அடங்கிய மற்றொரு குழு அதற்குத் துணைநின்றது. பெற்றோர் பள்ளியின் அன்றாட நிகழ்ச்சிகளில் பங்கேற்றனர்.

மூன்று விதிகளை அவர்கள் கைக்கொண்டனர். ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்துவதில்லை. சிக்கலை மட்டுமே பேசுவது. வாக்கெடுப்பில்லை, வாக்கெடுத்தால் தோற்றவர் ஒத்துழைக்கமாட்டார், ஆதலால் எல்லாரும் இசையும்வரை பேசுவது. தலைமையாசிரியரின் கையைக் குழு கட்டுவதில்லை; குழுவைத் தலைமையாசிரியர் புறக்கணிப்பதுமில்லை.

கோமர் எழுதியுள்ள நிகழ்ச்சி ஒன்று. தென்பகுதிக் கிராமத்தில் உறவினர் சூழ வளர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இந்நகருக்கு வந்தான். அவன் அத்தை வேலைக்குப் போகும் வழியில் அவனைப் பள்ளியில் விட்டுச் சென்றாள். முன்பின் அறியாத வகுப்பறை, அறியாத முகங்கள். அவன் அஞ்சி, ஆசிரியையை உதைத்துவிட்டு ஓடினான். பழைய முறையானால் தண்டனை. மறுமுறை செய்தால் 'முரடன்' என்னும் பட்டம். இங்கோ, 'அவன் நிலையில் நாம் இருந்தால் எப்படி உணர்வோம்?' என்று உளவியல் குழுவினர் ஆசிரியர்களைக் கேட்டனர். புதிதாக வரும் ஒவ்வொரு குழந்தையையும் முறையாக வரவேற்று, பள்ளியைச் சுற்றிக்காட்டி, வகுப்புத் தோழரோடு பழகச் செய்யும் ஏற்பாடு அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. ஒரு சிறுவனின் உதையிலிருந்து பள்ளி முழுவதும் பாடம் கற்றது. 1984 அளவில், கடைசியில் நின்ற பள்ளிகளின் இத்திட்டம் நகரத்தின் முன்னணிப் பள்ளிகளின் வரிசையில் இடம்பெற்றது. குழந்தைகள் அதே தெருக்களின் குழந்தைகள், வறுமையும் நீங்கிவிடவில்லை.

செய்முறை என்ன?

கலந்தாய்வை ஒழுங்கான படிகளில் நடத்த வழிவகுத்தவர் ஜான் பெர்கன். 1977இல் வெளிவந்த அவர் நூல் நான்கு படிகளைக் கூறும்: சிக்கலை வரையறுத்தல், காரணத்தை ஆராய்தல், திட்டத்தைச் செயற்படுத்தல், பயனை மதிப்பிடுதல். 1990களில் சூசன் ஷெரிடனும் அவரைச் சார்ந்தோரும், ஆசிரியரையும் பெற்றோரையும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் அமர்த்தி இப்படிகளை நடத்தும் முறையை வளர்த்தனர்.

இவற்றுள் முதற்படியே அரிது. 'சோம்பேறி', 'மக்கு', 'அடங்காதவள்' என்பன சிக்கல்கள் அல்ல, வசைகள். 'கடந்த பத்துப் பள்ளி நாட்களில் ஏழு நாள் வீட்டுப்பாடம் எழுதவில்லை' என்பதே சிக்கல். அவ்வாறு சொன்னவுடன் அடுத்த கேள்வி எழும்: எழுதிய அந்த மூன்று நாள் எவை? அன்று என்ன நடந்தது? ஆசிரியர் பாடத்தின் பெயரைச் சொல்லுவார். தாய், தான் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த நாட்கள் அவை என்று சொல்லக்கூடும். கைக்குழந்தையைச் சுமக்கும் பொறுப்பு மற்ற நாட்களில் சிறுமிக்கு என்பது அப்போது வெளிவரும். இருவருக்கும் தனித்தனியே தெரிந்திருந்தது ஒன்றாகிறது. பள்ளி முடிந்தபின் அரைமணி நேரம் அங்கேயே எழுதட்டும் என்று ஆசிரியரும், பக்கத்து வீட்டில் கேட்டுப்பார்க்கிறேன் என்று தாயும் சொல்ல இயலும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கூடிக் கணக்கெடுக்கவேண்டும். பயனில்லையெனில் திட்டத்தை மாற்றவேண்டும், குழந்தையைப் பழிக்கலாகாது.

நம் கையிலுள்ள உரிமை

'நம் பள்ளிகளில் உளவியலார் எங்கே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேசையும் இருக்கையும் சட்டப்படி நமக்கு உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வகுக்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய விகிதத்தில் இடம் தரவேண்டும். அந்த இடத்தில் நம் தாய்மார்கள் கையெழுத்திட்டுத் திரும்புகிறார்களா, அமர்ந்து பேசுகிறார்களா என்பதே கேள்வி.

இங்கே ஒரு வரம்பையும் கூறவேண்டும். குற்றம் சுமத்தாமல் பேசுவது என்பது கொடுமையைப் பொறுத்துக்கொள்வதன்று. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்துவோர்க்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. நம் பிள்ளையின் கையில் துடைப்பம் தரப்பட்டால் அது கலந்தாய்வுக்குரிய பொருளன்று. உடனே நிறுத்தப்பட வேண்டிய குற்றம். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கின்மேல் தனியே அமர்ந்து படித்தார் என்பதை நாம் மறக்கலாகாது. சமமாக அமரமுடியாத இடத்தில் கலந்தாய்வு இல்லை. முதலில் இருக்கை, பிறகே பேச்சு.

இளைஞர்களே, உங்கள் மாலை வகுப்புகளில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். அது எதில் வல்லது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். எதில் இடறுகிறது என்பதைப் பிறகு எழுதுங்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் தாயையோ தந்தையையோ தனியே அனுப்பாதீர்கள். நீங்களும் உடன் செல்லுங்கள். அவர்களுக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். அவர்களைப் பேசச் செய்யுங்கள். கண், காது, கற்றல் குறைபாடு பற்றிய ஐயம் தோன்றினால் நீங்களே முடிவு கட்டாமல் உரிய மருத்துவரிடமும் வல்லுநரிடமும் அழைத்துச் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையைக் கேளுங்கள்.

என் தந்தை காலமாகும்வரை தம் மகன் மக்கு என்றே நம்பியிருந்தார். ஆசிரியர் சொன்னார், ஆசிரியர் பொய் சொல்லமாட்டார் என்பது அவர் நம்பிக்கை. என் தம்பி பின்னாளில் அந்தச் சூளையிலேயே செங்கல் எண்ணிக் கணக்கு வைக்கும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தான். அவன் கணக்கில் ஒருநாளும் ஒரு கல் குறைந்ததில்லை. வாயிற்படிக்கு வெளியே நின்ற என் தந்தைக்கு அன்று எவரேனும் ஓர் இருக்கையைக் காட்டி, 'உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தால், அவர் அந்த நெற்கூலிக் கணக்கைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

அந்தக் கேள்வியை நம் ஊரின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒலிக்கச் செய்வது உங்கள் கடமை.